வெற்றிடக் கண்ணாடி ஜன்னல் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஓரத்தை ஒட்டி மூடினால் அது வெற்றிடக் கண்ணாடி. சூடு தாங்கும் ஃபிளாஸ்க்கைப் போல, வெப்பம் எளிதில் கடக்காது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "வாங்கலாமா?" என்பதுதான். வீடு எங்கே இருக்கிறது, ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அந்த விவரத்தோடு எழுதியவர்களின் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றே இல்லை என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் அவை உள்வாங்கி நொறுங்காதா? கிட்டப்போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அது என்ன?

நொறுங்கத்தான் செய்யும், அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியைக் காற்று சுமார் 10 டன் எடையளவுக்கு அழுத்துகிறது. ஃபிளாஸ்க் உருளையாக இருப்பதால் அந்த அழுத்தத்தை வடிவத்தாலேயே தாங்கிக்கொள்ளும். தட்டைக் கண்ணாடிக்கு அது முடியாது. அதனால் இடையே அரை மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சிறிய தூண்களை வரிசையாக வைக்கிறார்கள். 20 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு 2,500 தூண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோ எடையைத் தாங்குகிறது. நான்கைந்து அடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது.

வடிவமைப்பின் சிக்கலும் இங்கேதான். ஒவ்வொரு தூணும் வெப்பம் கடக்க ஒரு சின்னப் பாலம். தூண்களைக் குறைத்தால் வெப்பம் குறைவாகக் கடக்கும், ஆனால் கண்ணாடி வளைந்து விரிசல் விடும். டெம்பர்டு கண்ணாடியில் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) தூண்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். ஆனால் ஓரங்களை ஒட்ட வழக்கமாகப் பயன்படும் கண்ணாடிப் பற்றாசு உருக 450 டிகிரி போல வேண்டும். அந்தச் சூட்டில் டெம்பர் போய்விடும். குறைந்த சூட்டில் ஒட்டும் வழிகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் அதுதான். வெற்றிடக் கண்ணாடி என்ற யோசனைக்கு ஜெர்மனியில் 1913லேயே காப்புரிமை கேட்டுவிட்டார்கள். உருப்படியாக ஒன்றைச் செய்து காட்டியது 1989இல், சிட்னி பல்கலைக்கழகத்தில். ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது 1990களில்.

இன்னொன்று: வெற்றிடம் வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்காது. அதற்கு உள்பக்கம் லோ-ஈ பூச்சு, அதாவது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மிக மெல்லிய பூச்சு, கட்டாயம் வேண்டும். பூச்சு இல்லாத வெற்றிடக் கண்ணாடியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

டொராண்டோவில் இருக்கிறோம். இரட்டைக் கண்ணாடிதான், ஆனாலும் குளிர்காலத்தில் அடி ஓரத்தில் தண்ணீர் கோத்து நிற்கிறது. வெற்றிடக் கண்ணாடிக்கு மாறினால் நிற்குமா?

உங்கள் ஊருக்கு இந்தக் கண்ணாடி நன்றாகப் பொருந்தும். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 டிகிரி என்று வையுங்கள். யு-மதிப்பு என்பது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்ற கணக்கு; குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.7, நடுவே காற்று உள்ள, பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, நல்ல வெற்றிடக் கண்ணாடிக்கு 0.7 அல்லது அதற்கும் கீழே. உங்கள் இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் நடுவில் 9 டிகிரி போல இருக்கும். ஓரத்தில் இன்னும் குறையும், அதனால்தான் அங்கே தண்ணீர். வெற்றிடக் கண்ணாடியில் நடுப்பகுதி 17 டிகிரிக்கு வந்துவிடும்.

ஆனால் ஓரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெற்றிடக் கண்ணாடியின் விளிம்பில் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றாகவே ஒட்டப்பட்டிருக்கும். குளிர் அந்த வழியாக நேராக உள்ளே வரும். விளிம்பு சட்டத்துக்குள் ஆழமாகப் புதைந்திருக்க வேண்டும். வெறும் அலுமினியச் சட்டத்தில் மாட்டினால் காசு வீண்: கண்ணாடி 0.7ஆக இருந்தாலும், ஜன்னலில் கால்பங்கு அலுமினியமாக இருந்தால் மொத்த மதிப்பு 2ஐ நெருங்கிவிடும். மரம் அல்லது யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டமானால் 1ஐ ஒட்டியே நிற்கும்.

உங்கள் பழைய சட்டத்தின் பள்ளம் 20 மி.மீ.க்கு மேல் இருக்கலாம். வெற்றிடக் கண்ணாடியின் கனமோ 8 மி.மீ. போலத்தான். அந்த இடத்தை நிரப்ப, வெற்றிடக் கண்ணாடியோடு வாயு நிரப்பிய இடைவெளியும் மூன்றாவது கண்ணாடியும் சேர்ந்த கலப்பு வகை இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், சோறு வடிக்கும்போதும் இட்லி வேகும்போதும் அடுப்புக்கு மேலுள்ள விசிறி ஓடட்டும். ஜன்னலில் கோக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

லண்டனில் விக்டோரியா காலத்து வீடு. மேலும் கீழும் தள்ளும் பழைய மர ஜன்னல்களை மாற்றக் கூடாது என்கிறார்கள். வேறு வழி உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் வெற்றிடக் கண்ணாடிக்கு நிகர் இல்லாத இடம் இதுதான். வழக்கமான இரட்டைக் கண்ணாடி 20 மி.மீ.க்கு மேல் கனமானது, அந்த மெல்லிய மரச் சட்டத்தில் உட்காராது. வெற்றிடக் கண்ணாடி 6 முதல் 8 மி.மீ.தான். தச்சர் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தி, அதே சட்டத்தில் பொருத்திவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் வீட்டின் முகம் மாறாது.

கவனிக்க வேண்டியவை: 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. இரண்டு சேர்ந்தால் 15. கூண்டுக்குள் கயிற்றில் தொங்கும் எடைக்கட்டிகளையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் ஜன்னல் மேலே நிற்காது, சரிந்து விழும். சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த ஜன்னல் என்றால் விளிம்புகளே அதிகமாகி பலன் குறைந்துவிடும். அதற்கு உள்பக்கம் தனியாக இரண்டாவது ஜன்னல் போடுவதே மேல். உங்களுடையது பெரிய கண்ணாடிப் பலகைகளாக இருந்தால் தயங்க வேண்டாம். வீடு பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் கவுன்சிலிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். அளவும் கச்சிதமாக இருக்கட்டும். இதை வாங்கி வந்து வெட்டவோ துளையிடவோ முடியாது.

சென்னை, மேற்குப் பார்த்த படுக்கையறை. ஏசி பில் தாங்கவில்லை. வெற்றிடக் கண்ணாடி போட்டால் குறையுமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல், வெளியே 38, உள்ளே 26 டிகிரி. வித்தியாசம் 12தான். ஒற்றைக் கண்ணாடி வழியே அந்த வித்தியாசத்தால் வரும் வெப்பம் சுமார் 100 வாட். வெற்றிடக் கண்ணாடி அதை 13 வாட்டாகக் குறைக்கும், அதாவது 90 வாட் போல மிச்சம்.

நாலு மணி வெயில் அதே ஜன்னலில் நேராக விழும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்தால்கூட, சாதாரணக் கண்ணாடி வழியே 700 வாட்டுக்கு மேல் உள்ளே வருகிறது. உங்கள் எதிரி அதுதான். குளிர்நாட்டுக்கென்று செய்த வெற்றிடக் கண்ணாடி வெயிலை உள்ளே விடும்படிதான் பெரும்பாலும் இருக்கும். அங்கே அது தேவை, உங்களுக்கு அது தொல்லை.

மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடும் அதிகம் உதவாது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ இறக்கி ஏற்றும் திரையோ கட்டுங்கள். கண்ணாடியை மாற்றியே தீர வேண்டும் என்றால் சூரிய வெப்ப எண் (விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்ற எண்) 0.3க்குக் கீழே உள்ளதாகக் கேளுங்கள். கடைக்காரர் யு-மதிப்பை மட்டும் காட்டினால் இந்த எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊட்டியில் வீடு கட்டுகிறோம். அங்கே குளிர்தானே?

குளிர்தான். ஆனால் நாள் முழுக்க ஹீட்டர் ஓடாத வீட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் நிற்காது. மிச்சமாவதற்கு ஒன்றும் இருக்காது. முதலில் கதவு, ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். விடுதி மாதிரி இரவு முழுவதும் சூடாக்குவதாக இருந்தால் யோசிக்கலாம். அப்போது ஒரு சாதகம் உண்டு: கடல்மட்டத்தில் அடைத்து மூடிய வழக்கமான இரட்டைக் கண்ணாடி 2,240 மீட்டர் உயரத்தில் புடைத்துக்கொண்டு ஒட்டுப் பகுதியைச் சோதிக்கும். வெற்றிடக் கண்ணாடியில் புடைக்க உள்ளே காற்றே இல்லை.

சத்தம் குறையுமா?

இவ்வளவு மெல்லிய கண்ணாடிக்கு நன்றாகவே குறையும். முழு அமைதி வராது, தூண்களும் விளிம்பும் ஒலியைக் கடத்தும். பஸ் சத்தம்தான் பிரச்சினை என்றால் 10 செ.மீ. இடைவெளி விட்டு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் போடுங்கள்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதிக்காமல் ஒட்ட வேண்டாம். ஃபிலிம் வெயிலை உறிஞ்சி ஒரு கண்ணாடி மட்டும் சூடாகும், மற்றது ஆறியே இருக்கும். விளிம்பில் இரண்டும் பிணைந்திருப்பதால் அங்கே விரிசல் விடும்.

வெற்றிடம் போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல குளிரான காலையில், சூடாக்கிய அறையில் ஒவ்வொரு பலகையின் நடுவிலும் உள்பக்கமாகக் கையை வையுங்கள். ஒன்று மட்டும் சில்லென்றிருந்தாலோ, அதில் மட்டும் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ அது போய்விட்டது. உடனே உத்தரவாதச் சீட்டை எடுங்கள். 10, 15 ஆண்டு தருபவர்கள் இருக்கிறார்கள். வெளிப்பக்கம் விடியற்காலையில் பனி பூத்தாற்போல் மங்கினால் பயப்பட வேண்டாம். உள்சூடு வெளியே போகாமல் வெளிக்கண்ணாடி குளிர்ந்து கிடப்பதால் வருவது அது. வெயில் ஏறினால் போய்விடும்.