ஒன்றுமே நடக்காத பேய்ப்படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நண்பர் பழைய பேய்ப்படங்களைச் சேகரிப்பவர். யாரும் கேள்விப்படாத ஒரே படத்தை மூன்று பதிப்பாக வைத்திருக்கிறார். போட்டும் காட்டினார். ஒரு பெண் நடந்துகொண்டே இருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, பயமும் வரவில்லை. அடுத்தவரிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்ற பெருமையைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெருமை உண்டு. கிடைக்காது என்பதற்காகவே குப்பையைக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் 1962இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' எப்போதோ மறந்துபோயிருக்க வேண்டும். காப்புரிமை இல்லாமல் போனதால் யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்ற படம் அது. அப்படியும் அதற்கு மவுசு குறையவில்லை.

இயக்குநர் ஹெர்க் ஹார்வி, கான்சாஸில் கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்தார். படம் அங்கிருந்துதான் முளைத்தது. செலவு சுமார் 33,000 டாலர். செட் போடக் காசில்லை. நிஜ மண்டபத்திலேயே எடுத்தார். நடுவில் ஒரு காட்சி: நாயகி கடையில் துணி மாற்றிவிட்டு வெளியே வருகிறாள். சத்தமெல்லாம் நின்றுபோகிறது, யாரும் அவளைக் கண்டுகொள்வதில்லை. பட்டப்பகல், சுற்றிலும் மனிதர்கள், பேயின் நிழல்கூட இல்லை. எனக்கு அடிவயிறு கலங்குவது அங்கேதான். மண்டபம் 1970இல் எரிந்துபோனது. இனி படத்தின் வழியாகத்தான் அதற்குள் போகமுடியும். சேகரிப்பவர்களுக்கு இதுவும் ஒரு போதை.

எங்கே பயப்பட வேண்டும் என்பதைப் பெரிய படங்கள் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இந்த மாதிரிச் சின்னப் படங்கள் சொல்லாது. வெற்று வராந்தாவையே காட்டிக்கொண்டிருந்தால், அது திட்டமா, வெட்டத் தெரியாமல் விட்டதா என்றே புரியாது. படம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை என்ற அந்தச் சந்தேகம் இருக்கிறதே, அது பேயைவிட மோசம்.

சரி, மூன்று பதிப்பு எதற்கு? பில் கன் 1973இல் எடுத்த 'கான்ஜா அண்ட் ஹெஸ்' படத்தை வாங்கியவர்கள், 'இழுவை'யை எல்லாம் வெட்டி 'பிளட் கப்பிள்' என்று வேறு பெயரில் வெளியிட்டார்கள். பில் கன் எடுத்த வடிவம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த பிரிண்டால் பிழைத்தது. இந்த மாதிரிப் படங்களில் இழுவையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதை மட்டும்தான். கதைதான் பெரும்பாலும் இவற்றின் பலவீனமான பகுதி. அதனால்தான் எந்த வெட்டு, எந்தப் பிரிண்ட் என்று அடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றில் எது பிடிக்கும் என்று நண்பரிடம் கேட்டு வாங்கி, இரவில் தனியாகப் பாருங்கள். அப்போதும் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.