மாங்காயும் மேங்கோவும்: கேள்வி பதில்

மாங்காய் சீசன் என்பதால் இந்த முறை ‘மேங்கோ’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன்.

காவேரிப்பட்டணம்: மேங்கோ நம்ம மாங்காய்தானா?

ஆமாம், ஆனால் நேராகப் போகவில்லை. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துகீசியர், மலபாரில் கேட்டதை ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு அது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போனது.

ஓசூர்: மலபார் என்றால் மலையாளம். தமிழ் எங்கே வந்தது?

அகராதிகளே இதில் ஒத்துப்போவதில்லை. சில மலையாள ‘மாங்ங’ என்கின்றன, சில தமிழ் ‘மாங்காய்’ என்கின்றன, சில திராவிட மொழி என்று நிறுத்திக்கொள்கின்றன. மாங்ங, மாங்காய் இரண்டுமே மா, காய் சேர்ந்து வந்தவை.

பர்கூர்: இப்படி விட்டுக்கொடுக்கலாமா?

விட்டுக்கொடுக்க இது என்ன வரப்புத் தகராறா? எந்தக் கரையில் காதில் விழுந்தது என்பதுதான் கேள்வி.

தருமபுரி: அமெரிக்காவில் குடைமிளகாயையும் மேங்கோ என்பார்களாமே?

நல்ல கேள்வி. அந்தக் காலக் கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது ஊறுகாய்தான். அதனால் அங்கே மேங்கோ என்றாலே ஊறுகாய் என்றாகிவிட்டது. வெள்ளரி, பீச், முலாம்பழம் எதைக் குடைந்து மசாலா அடைத்து ஊறப்போட்டாலும் மேங்கோ! ஊறுகாய் போடுவதற்கே அது வினைச்சொல்லாகவும் ஆனது. அமெரிக்காவில் குடைமிளகாயை அப்படிப் போட்டார்கள். பிறகு ஊறப்போடாத பச்சைக் குடைமிளகாய்க்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒஹையோ, இண்டியானா பக்கம் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

சந்தூர்: செந்தூரா மாம்பழத்தில் பழ ஈ. என்ன அடிக்கலாம்?

தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். நான் சொல் ஆசாமி.

பாலக்கோடு: பெங்களூரா மாங்காய்க்கு தோத்தாபுரி என்று ஏன் பெயர்?

இந்தியில் ‘தோத்தா’ என்றால் கிளி. காயின் மூக்கைப் பாருங்கள். நம் மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாகப் போவது அதுதான்.

அரூர்: கேஷ் என்பதும் காசுதானே?

இங்கேதான் எச்சரிக்கை: ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. கம்பெனிக் காலச் சென்னையில் 80 ‘கேஷ்’ சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம். அந்தச் சில்லறை கேஷ் நம் காசு. ரொக்கம் என்னும் கேஷ் வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது.

ஊத்தங்கரை: ஒன் என்பது ஒன்று?

இல்லை. மேலே எச்சரிக்கை.

காரிமங்கலம்: க்ரை என்பது கரைதல்?

இல்லை. மேலே எச்சரிக்கை.

பர்கூர்: மலையாளமே தமிழிலிருந்து வந்ததுதானே, அப்படிப் பார்த்தால்...

அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம். ஓசூர்க்காரரையும் கூட்டி வாருங்கள்.