எஸ்பிஎம் எழுதும் ஆண்டில் மாணவர் தலைவர் பொறுப்பும் சேவையும் மகனுக்கு வேண்டுமா?

மிஷன் ஆண்கள் பள்ளியில் படிவம் ஐந்து, அதாவது எஸ்பிஎம் என்ற அரசுத் தேர்வை எழுதும் ஆண்டு, படிக்கும் மகனை மாணவர் தலைவராக இருக்கவும், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரவும் கூப்பிடுகிறார்களாம். படிப்பு கெட்டுப் போகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு என் கதையைத்தான் சொல்ல முடியும்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பையன். படித்தது பக்கத்துப் பட்டணத்தில், லசால் பிரதர்கள் என்ற கத்தோலிக்கத் துறவியர் தொடங்கிய பள்ளி. 1852இல் பினாங்குக்கு வந்து பள்ளி தொடங்கியவர்களின் வழியில் வந்தது. 1994இல் படிவம் ஐந்து, மாணவர் தலைவர்களில் ஒருவன். அந்த ஆண்டு பட்டணத்தில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்ததால் காலையில் முதலில் வருபவன் நான். அதனால் வாசலில் நின்று தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதும் வேலை எனக்கு.

தோட்டத்துப் பஸ் மழைக்காலத்தில் நேரத்துக்கு வராது. செம்மண் பாதையில் சக்கரம் புதைந்தால் அரை மணி நேரம் போய்விடும். பையன்கள் முழங்கால் வரை சேற்றோடு ஓடி வருவார்கள். விதி விதிதானே என்று எழுதினேன். மூன்று முறை பெயர் ஏறினால் பெற்றோர் வந்து கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு அம்மா வந்தார். திருவிழாவுக்குக் கட்டும் சேலை. நகக்கண்ணில் மட்டும் ரப்பர் பால் காய்ந்த கறுப்பு போகவில்லை. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, அது எனக்குத் தெரியும். என் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்தான். அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், "தம்பி, நீ எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். "பேரு எழுதுனது நீதானாப்பா?" ஆமாம் என்றேன். "சரி, உன் வேலை அது," என்று சொல்லிவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளிலிருந்து இன்னொரு நோட்டு வைத்தேன். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, அதிலிருந்து எத்தனை பேர் இறங்கினார்கள், மழையா வெயிலா. ஒரு மாதம் எழுதி, கட்டொழுங்கு ஆசிரியரிடம் நீட்டினேன். கை நடுங்கியது. அவர் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். அதன்பிறகு பஸ் தாமதம் தனிக் கணக்கு. அதற்காக யாருடைய பெற்றோரையும் கூப்பிடவில்லை. பதினேழு வயதில் விதியை மீறாமல், விதி வைத்தவரிடமே போய்ப் பேசலாம் என்று தெரிந்துகொண்டேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

முதியோர் இல்லத்தில் புல் வெட்டினோம், கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணி செய்தோம். அவையும் நல்லவைதான். ஆனால் மனதில் நிற்பது புகுமுக வகுப்புப் பையன்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாமல் ஓர் ஆண்டு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். நானும் அதே வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தவன். வாரம் இரண்டு மதியம் மலாய் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன், அர்த்தத்தை மட்டும் தமிழில் சொல்லி. தமிழில் சொன்னதும் முகம் தெளியும் பாருங்கள், அதைப் பார்க்கவே போவேன். பள்ளிகளுக்குப் பெயர் தந்த லசால் பாதிரியாரும் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்கு லத்தீனில் தொடங்காமல் பிரெஞ்சில் வாசிக்கச் சொல்லித் தந்தவர் என்று பிறகு படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

படிப்பா? அரையாண்டுத் தேர்வில் கூடுதல் கணிதத்தில் நன்றாகவே சறுக்கினேன். சாரணர் பொறுப்பை விட்டேன், இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், எஸ்பிஎம்மில் தேறினேன். எனவே மகன் இரண்டு பொறுப்புக்கு மேல் எடுக்க வேண்டாம். கீழ் வகுப்புக்குச் சொல்லித் தருவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம்.

அப்புறம், தாமதமாக வருபவர்களின் பெயர் எழுதும் நோட்டு அவன் கைக்கு வந்த முதல் வாரத்தில், யார் யார் பெயரை எழுதினான், அவர்கள் எங்கிருந்து எப்படி வருகிறார்கள் என்று சாப்பிடும்போது கேளுங்கள்.