இரண்டே முக்கால் லட்சத்தில் கார் எவ்வளவு?

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது, அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் வருகிறார்கள், அதற்குள் ஒரு ஜெர்மன் சொகுசுக் காரைப் புதிதாகவே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். ஷோரூமில் சொன்ன விலை 2,75,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். "இவ்வளவு வரி கட்டி வாங்கும்போது தரமாவது ஊரில் கிடைப்பதைவிட நன்றாக இருக்குமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்காது. அதே கார்தான்.

நானும் வந்த புதிதில் விலையையும் தரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவன்தான். ஊரில் நமக்கு அப்படித்தானே பழக்கம்? கூடக் கொடுத்தால் கெட்டியாக இருக்கும் என்று. இங்கே கூடக் கொடுப்பது காருக்கு இல்லை, அதை ரோட்டில் இறக்குவதற்கு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

கப்பலிலிருந்து இறங்கும்போது வண்டிக்குச் சுங்கத்துறை போடும் மதிப்புக்கு ஓஎம்வி என்று பெயர். நீங்கள் சொல்லும் ரகக் காருக்கு அது 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் கலால் வரி 20%, அதாவது 10,000. இரண்டும் சேர்ந்த 60,000-க்கு 9% ஜிஎஸ்டி, 5,400. அப்புறம்தான் பெரிய அடி, ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவுக் கட்டணம். ஓஎம்வியில் முதல் 20,000-க்கு 100%, அடுத்த 20,000-க்கு 140%, அதற்கடுத்த 20,000-க்கு 190%. 60,000-ஐத் தாண்டினால் 250%, 80,000-க்கு மேல் 320%. உங்கள் வண்டிக்கு 20,000, 28,000, 19,000 என்று மொத்தம் 67,000 வரும். பதிவுக் கட்டணம் 350-ஐயும் சேர்த்தால் 1,32,750 ஆயிற்று. இன்னும் சிஓஇ வரவில்லை.

சிஓஇ என்பது பத்து வருடம் கார் வைத்திருக்கக் கொடுக்கும் உரிமைச் சான்றிதழ். 1990-லிருந்து இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை ஏலம். பெரிய கார்களுக்கான 'பி' பிரிவு 2023 அக்டோபரில் 1,50,001 வெள்ளிக்குப் போனதை நானே வாய் பிளந்து பார்த்தேன். உங்கள் கணக்குக்கு 1,20,000 என்று போடுங்கள். ஆக 2,52,750. மிச்சம் விற்பவரின் லாபம், செலவு. இதில் கார் என்பது அந்த முதல் 50,000 மட்டும்தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் இப்படி என்று கோபப்பட்டுப் பயனில்லை. சின்னத் தீவு, நிலத்தில் 12% ஏற்கெனவே சாலைக்கே போய்விட்டது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். பழையது ஒன்று கழிந்தால்தான் புதியது ஒன்று வரும் என்பதுதான் அடிப்படை. ஊரிலும் இப்போது பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40%, தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போனால் சாலை வரி தனியாக 20%. அதையே கொள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரி, தரத்துக்கு வருகிறேன். 2017-இல் நான் ஒரு ஜெர்மன் கார் எடுத்தேன். எந்த கம்பெனி என்று வேண்டாம். 1,90,000 வெள்ளி. நாலாவது மாதம் டேஷ்போர்டில் இடது பக்க ஏசி துவாரத்துக்குப் பின்னால் 'கிரிக் கிரிக்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் வராது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் ஒவ்வொரு மாடியாக வளைந்து ஏறும்போது மட்டும், சரியாக ஒவ்வொரு மேட்டிலும் வரும். விரலால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். என் மனைவி ஒரு வருடம் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். மூன்று முறை சர்வீசில் விட்டேன். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்தில் கறுப்புத் துணி டேப் ஒட்டி அனுப்புவார்கள். இரண்டு மாதம் தாங்கும்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. டிக்கியில் ஒரு வாடை. அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். பின்விளக்கு ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை. இந்த முறை வெறுத்துப்போய், காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே வயதான சீன மெக்கானிக் ஒருவர். நான் 1,90,000 கொடுத்த கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓஎம்வி எவ்வளவு?" என்று ஒரே கேள்வி கேட்டார். 45,000 என்றேன். "அப்படியானால் இது 45,000 வெள்ளிக் கார். அந்த விலைக் காரில் தண்ணீர் வந்தால் இவ்வளவு அழுவாயா?" என்றார். ரப்பரை மாற்றி 80 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கண்ணுக்கும் கைக்கும் படுகிற இடத்தில் தோல், மெத்தென்ற பூச்சு எல்லாம் இருக்கும். முழங்காலுக்குக் கீழே தட்டிப் பாருங்கள், சாதாரண காரின் பிளாஸ்டிக்தான். நடுவில் பளபளவென்று கறுப்புப் பட்டை வைத்திருப்பார்களே, துடைக்கும் துணியே அதில் கீறல் போட்டுவிடும். இங்கத்து வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் கூரைத் துணியின் பசை ஆறேழு வருடத்தில் விட்டு, தலைமேல் பந்தல் மாதிரி தொங்க ஆரம்பிக்கும். ஐரோப்பியக் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொருத்தம், இடைவெளி, கதவு மூடும் சத்தம் இதெல்லாம்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு லெக்சஸுக்கு. ஓட்டுகிற சுகம் வேண்டுமென்றால் ஜெர்மன்தான், அதை நான் மறுக்கவில்லை. எந்தத் தொழிற்சாலை என்று ரொம்ப ஆராய வேண்டாம். ஜெர்மன் பெயர் போட்ட வண்டி தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வரும். சேசிஸ் எண்ணின் முதல் எழுத்து 'டபிள்யூ' என்றால் ஜெர்மன் கம்பெனிக்கான குறி, எந்தத் தொழிற்சாலை என்று அது சொல்லாது. தெரிந்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வண்டி எடுப்பதென்றே முடிவு செய்தால், டெலிவரியை மதிய வெளிச்சத்தில், வெட்டவெளியில் கேளுங்கள். ஷோரூம் விளக்கில் எல்லாப் பெயின்ட்டும் அழகுதான். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விரல் நுனியை ஓட்டிக்கொண்டே போங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கதவு ரப்பர் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் வேகத்தடை உள்ள தெருவில் ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். விற்பவர் பேசிக்கொண்டே வருவார், அவரையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

இங்கே 2012 செப்டம்பரிலிருந்து 'லெமன் லா' என்று ஒரு சட்டம் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. நான் அந்த ஆறு மாதத்தில் எதையும் எழுத்தில் கொடுக்கவில்லை, வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் முதல் சத்தத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், வீடியோவோடு.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓஎம்வி 20,000-ஐத் தாண்டினால் கடன் 60% தான், ஏழு வருடத்துக்கு மேல் கிடையாது. அதாவது கையிலிருந்து 1,10,000 வெள்ளி வைக்க வேண்டும். வண்டியைப் பத்து வருடத்துக்குள் கழித்தால் ஏஆர்எஃப்பில் கொஞ்சம் திரும்ப வரும் என்று 'பேப்பர் வேல்யூ' கணக்குச் சொல்லி மயக்குவார்கள். அதற்கு 2023-இல் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், பட்ஜெட்டில் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம் அது. விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் அன்றைய விதியைப் பாருங்கள். சாலை வரி, இன்சூரன்ஸ், கூரையுள்ள வீவக நிறுத்தத்துக்கு மாதம் 110 வெள்ளி, இதெல்லாம் தனி.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் முதல் வருடம் எம்ஆர்டி ரயில், டாக்சி என்று ஓட்டிவிட்டு, வேலை நிலைத்த பிறகு நாலைந்து வருடம் ஓடிய வண்டியாக எடுப்பேன். அதில் எது கிரீச்சிடும், எங்கே ஒழுகும் என்று முதல் ஆள் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார்.

என் வண்டி இன்னும் ஓடுகிறது. தேக்கா பக்கம் வந்தால் சொல்லுங்கள், அந்த மாடி ஏற்றத்தில் ஒரு முறை கூட்டிப்போகிறேன். இடது பக்கம் உட்காருங்கள், எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று வழியில் சொல்கிறேன்.