சீனம் பேசுவோர் எழுதும் ஆங்கில வாக்கியம்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சீனமும் ஆங்கிலமும் ஒரே சொல்வரிசை கொண்டவை என்கிறார்கள். பிறகு ஏன் என் மாணவர்களின் வாக்கியங்கள் பிசகுகின்றன?

பதில்: எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இரண்டுக்கும் பொதுவே, 'வொ அய் நி' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'ஐ லவ் யூ' என்று மாற்றிவிடலாம். வாக்கியம் சற்று நீளும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. சீனத்தில் காலமும் இடமும் வினைக்கு முன்னே வரும் என்பதால், மாணவர் 'ஐ டுமாரோ இன் பெய்ஜிங் ஒர்க்' என்று எழுதுகிறார். ஆங்கிலமோ 'ஐ வில் ஒர்க் இன் பெய்ஜிங் டுமாரோ' என்று இரண்டையும் பெரும்பாலும் கடைசியில் வைக்கிறது. இது கவனக்குறைவு அன்று. தாய்மொழியின் விதியை மாணவர் ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவு. ஆகவே 'தவறு' என்று மட்டும் சொல்லித் திருத்தாமல், இரு வரிசைகளையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: 'ஷி வெரி டால்' என்று எழுதியவரைத் திருத்தினேன். இப்போது 'ஐ ஆம் அக்ரீ' என்கிறார்!

பதில்: சீனத்தில் 'உயரமான' போன்ற சொல் தானே பயனிலையாக நிற்கும், அதன்முன் வரும் 'ஹென்' பல இடங்களில் 'மிகவும்' என்ற அழுத்தமே இல்லாமல் வெறுமனே நிற்கிறது. அதனால் 'இஸ்' விடுபட்டு 'வெரி' நுழைகிறது. விடுபட்டதைச் சேர்க்கச் சொன்னதும், 'ஆம்', 'இஸ்' எல்லா இடத்திலும் தேவை என்று மாணவர் விளங்கிக்கொள்கிறார். வேறு வினை இல்லாத இடத்தில்தான் அது தனித்து நின்று வினையாகும் என்பதையும், 'அக்ரீ' தானே ஒரு வினை என்பதையும் ஒரே பாடத்தில் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: 'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'ஸோ' வருவது ஏன்?

பதில்: சீனத்தில் 'யின்வெய்' (ஏனெனில்), 'சுவோயி' (ஆகவே) இரண்டும் இணையாக வருவது இயல்பு. ஆங்கிலத்துக்கு ஒன்று போதும். 'ஆல்தோ', 'பட்' இணைக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

கேள்வி: 'தேர் ஆர் மெனி பீப்பிள் லைக் டீ' என்பதில் என்ன பிழை என்று விளக்க முடியவில்லை.

பதில்: 'யோ' (இருக்கிறது) என்று தொடங்கி 'பலர் இருக்கிறார்கள், தேநீரை விரும்புகிறார்கள்' என ஒரே மூச்சில் சொல்லச் சீனம் இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியக் கூறுக்குக் காலம் காட்டும் வினை ஒன்றே. இன்னொன்று வந்தால் பொதுவாக இணைப்புச் சொல்லும் வரவேண்டும். 'மெனி பீப்பிள் லைக் டீ' என்பதே எளிய திருத்தம். காற்புள்ளி மட்டும் இட்டு நான்கைந்து வாக்கியங்களைக் கோத்துச் செல்லும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. ஒருமுறை சொன்ன எழுவாயைச் சீனம் பின்னர் விட்டுவிடலாம், ஆங்கிலம் பொதுவாக விடாது. மழை பெய்வதைச் சொல்லக்கூட அதற்கு 'இட்' என்றொரு எழுவாய் வேண்டும். எழுதியதில் வினைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாயைத் தேடும் பயிற்சியை விடாமல் கொடுங்கள். நான் அறிந்தவற்றுள் மிகுந்த பயன் தருவது இதுவே.

கேள்வி: தமிழரான நான் 'ஹூ', 'விச்' வரும் வாக்கியங்களைச் சீன மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

பதில்: உங்களுக்கு இது சாதகமான இடம். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று விளக்கத்தை முன்னும் பெயரைப் பின்னும் வைப்பதில் தமிழும் சீனமும் ஒன்றுபடுகின்றன. ஆங்கிலம் 'த புக் ஐ பாட் யெஸ்டர்டே' என்று அதைத் திருப்பிப் போடுகிறது. முதலில் பெயரை மட்டும் சொல்லச் செய்து, பிறகு விளக்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். 'பாட்' என்பதன் பின் 'இட்' நுழையாமல் பாருங்கள். இந்த வாக்கியத்தில் 'விச்' விடுபடலாம். ஆனால் 'த மேன் ஹூ லிவ்ஸ் தேர்' என்பதில் 'ஹூ' தானே எழுவாயாக நிற்பதால் அதை விட முடியாது. மாணவர்கள் நெடுநாள் தடுமாறும் இடம் அதுதான் என்பதால், அதற்குத் தனி வகுப்பு ஒதுக்குங்கள்.