இசைத்தட்டு வாங்குவதா, சிடி வாங்குவதா: கொங்குச் சேகரிப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துப் பாட்டுச் சேகரிப்பாளர்கள் இம்மாதம் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, மறுபடியும் தலையெடுத்திருக்கும் இசைத்தட்டைப் பற்றியும் மதிப்பிழந்துபோன சிடியைப் பற்றியுமே இருந்தன. முப்பது ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்து வருபவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் தட்டுகளைவிடச் சிடிகளே அதிகம். ஆனால் விருந்தினர் வந்தால் தட்டுகளைத்தான் எடுத்துக் காட்டுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேள்வி (பீளமேடு): அமெரிக்காவில் தட்டு விற்பனை சிடியை முந்திவிட்டதாமே? அப்படியானால் தட்டின் ஒலிதான் உயர்ந்தது என்று முடிவாகிவிட்டதா?

முந்தியது உண்மைதான். 2020இல் வருமானத்திலும் 2022இல் எண்ணிக்கையிலும் அங்கே தட்டு சிடியைத் தாண்டியது. 2022இல் ஏறத்தாழ 4.1 கோடித் தட்டுகளும் 3.3 கோடிச் சிடிகளும் விற்றன. ஆனால் இது ஒலிக்குக் கிடைத்த தீர்ப்பு அன்று. கையடக்கம், வசதி என்பவைதாம் சிடியின் பலமாக இருந்தன. அந்த இரண்டையும் கைப்பேசி எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு அங்குல அட்டையையும், ஊசியை இறக்கிவிட்டு உட்கார்ந்து கேட்கும் சடங்கையும் கைப்பேசியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சிடி ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். நல்ல தட்டுகூட 70ஐ எட்டினால் பெரிது.

கேள்வி (பொள்ளாச்சி): சிடியில் ஒலி படிக்கட்டுப்போல் வெட்டுப்பட்டு வருகிறது, தட்டில்தான் முழு அலையும் இருக்கிறது என்று ஒருவர் வாதிட்டார். சரியா?

சரியில்லை. சிடி ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதிவைக்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு. அதன் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளந்துவிட்டால், அந்த எல்லைக்குள் இருக்கும் அலையை முழுமையாகத் திரும்ப வரைந்துவிடலாம். ப்ளேயரிலிருந்து வெளிவருவது வழவழப்பான அலைதான். படிக்கட்டு என்பது விளக்கப்படத்தில் மட்டும் இருப்பது.

கேள்வி (திருப்பூர்): எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களைச் சேர்க்க ஆசை. எதில் வாங்குவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பாடல்களுக்கும் மேல்நாட்டு இசைக்கும் வேறுபாடு இருப்பது இங்கேதான். அங்கே ஒரு பழைய தொகுப்பைச் சிடியாக்கும்போது பெரும்பாலும் மூல நாடா பத்திரமாக இருந்தது. பொறியாளர் அதை எடுத்துப் பொறுமையாக மாற்றினார். இங்கே பல படங்களின் மூல நாடாக்கள் ஈரத்திலும் அலட்சியத்திலும் போய்விட்டன. பின்னாளில் வந்த தொகுப்புச் சிடிகளில் சில, தட்டையே ஓடவிட்டுப் பதிவு செய்தவை. இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று ஜாலராவின் ஓசையையும் வயலினின் மேல்நுனியையும் சேர்த்தே வடித்துவிட்டார்கள். ஒற்றைத் தடத்தில் பதிவான பாட்டுக்கு எதிரொலி கூட்டி, ஸ்டீரியோ என்று அட்டையில் போட்டவையும் என்னிடம் உண்டு. அப்படிப்பட்ட பாட்டுக்கு, படம் வந்த காலத்திலேயே அச்சான தட்டு, கொஞ்சம் பொரிந்தாலும், மூலத்துக்கு நெருக்கமானது. எனவே எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துப் பாடல்களுக்கும், இளையராஜாவின் முதல் பத்தாண்டுக்கும், நல்ல நிலையில் தட்டு கிடைத்தால் நான் தட்டையே எடுப்பேன்.

தொண்ணூறுகளில் நிலைமை தலைகீழ். பதிவே டிஜிட்டல் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்போது முதலில் வெளியான சிடிதான் அந்தப் பாட்டுக்கு மூலப்பிரதி போன்றது. அதே பாட்டை இன்று தட்டாக வெட்டி விற்றால், நீங்கள் வாங்குவது சிடியின் நகலை. ஆனால் 2000க்குப் பிறகு வந்த மறுபதிப்புச் சிடிகளில் கவனம் வேண்டும்: கடைக்காரர் போட்டுக் காட்டும்போது ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கிவிடும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. தட்டு இதமாக இருக்கிறது, சிடி காதைக் குத்துகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். குற்றம் சிடியுடையது அன்று, அதைத் தயாரித்தவருடையது.

கேள்வி (ஈரோடு): உக்கடம் பழைய சாமான் கடைகளில் தட்டுகள் கிடைக்கின்றன. பார்த்து வாங்குவது எப்படி?

நம் பக்கத்துப் பழைய தட்டுகளில் கணிசமானவை மைக் செட்டுக்காரர்களிடமிருந்து வந்தவை. கல்யாணத்திலும் நோம்பியிலும் புளியமரத்தில் குழாயைக் கட்டி விடிய விடிய ஓடியவை. நடுத்தாளில் சவுண்ட் சர்வீஸ் முத்திரையும், நீல மையில் வரிசை எண்ணும் இருந்தால், அட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும் பாதி விலைக்குக் கேளுங்கள். அந்தக் காலத்துச் செட்டுகளில் ஊசி ஐந்து கிராமுக்கு மேல்கூட அழுத்தும். ஊசியைத் தாங்கும் இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவில் ஓடுகிறது. ஊசி தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டியதில் பள்ளத்தின் சுவர் உளியால் செதுக்கியதுபோல் ஆகியிருக்கும்.

தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கீறல்கள் பரவாயில்லை; அவை சத்தம் எழுப்பாமலே போகலாம். கருமை மங்கிச் சாம்பல் பூத்த வளையம் தெரிந்தால், குறிப்பாகப் பிரபலமான பாட்டு இருக்கும் இடத்தில் மட்டும் தெரிந்தால், அது தேய்மானம். எவ்வளவு கழுவினாலும் போகாது. பிறகு நடு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள். ப்ளேயரின் நடுக் கம்பியைத் தேடித் தடவித் தட்டு வைத்த ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு மெல்லிய கோடு விழும். கோடுகள் சிலந்தி வலைபோல் இருந்தால் அந்தத் தட்டு நூற்றுக்கணக்கான முறை ஓடியிருக்கிறது. ‘ஒரு தடவைகூடப் போடாத தட்டுங்க’ என்று ஒரு கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த எல்.பி.யில் (பன்னிரண்டு அங்குலத் தட்டு) இந்த வலையை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

கேள்வி (சூலூர்): எல்.பி.யில் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது. ஊசி கோளாறா?

ஊசியும் காரணமாகலாம், ஆனால் தட்டின் அமைப்பிலேயே அந்தக் குறை இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது. ஆனால் வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. நீளப் பள்ளம் ஊசியைக் கடக்கும்போது, உள்ளே லேபிள் அருகே 21 செ.மீ. மட்டுமே கடக்கிறது. அதே பாட்டை அரைக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதினால் ‘ஸ’கரங்கள் சிதறத்தான் செய்யும். பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைத்த நம் ஏழு அங்குல இ.பி. தட்டுகளிலும் இந்த நெருக்கடி உண்டு. கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்தால் குறையும், மறையாது. சிடியில் இந்தப் பேச்சே இல்லை. அது உள்ளிருந்து வெளியே ஓடும்போது சுழற்சியைத் தானே குறைத்துக்கொள்கிறது.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): அப்புச்சி வீட்டு அட்டாலியில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பாடிய கனமான தட்டுகள் கிடைத்தன. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அவை நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், தச்சர்கள் பாலிஷ் கலக்குவது அப்படித்தான். ஒரு துடைப்பில் பள்ளம் மழுங்கிவிடும். வாலை வடித்த நீரில் ஒரு சொட்டு மென்சோப்புக் கலந்து, தாளில் படாமல் கழுவி, உடனே ஒற்றி உலர்த்துங்கள். எல்.பி. ஊசியால் அவற்றை ஓட்டவும் வேண்டாம். அந்தப் பள்ளத்துக்குச் சுமார் நான்கு மடங்கு பருத்த ஊசி தேவை. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். கீழே போட்டால் ஓடுபோல் உடையும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் முதல் வேலையாக ஒரு முறை பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அவிநாசி): தட்டு துடைக்கப் பனியன் வேஸ்ட் போதாதா? கழுவ போர் தண்ணீர் ஆகுமா?

பனியன் வேஸ்ட் மோட்டார் துடைக்க நல்லது. வெட்டிய விளிம்பிலிருந்து உதிரும் பஞ்சு பள்ளத்தில் தங்கி, ஊசி நுனியில் உருண்டை கட்டும். தையல் நூல் முடிச்சு இருந்தால் கீறும். மைக்ரோ பைபர் துணி வாங்குங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் வாளியின் உட்புறத்தில் படியும் அதே வெள்ளை, பள்ளத்திலும் படியும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு மென்மையானது என்பதில் கோவைக்காரர்களுக்கு உள்ள பெருமை எனக்கும் உண்டு, ஆனாலும் கடைசி அலசலுக்கு வாலை வடித்த நீரே சரி.

கேள்வி (மேட்டுப்பாளையம்): அமெரிக்காவிலிருந்து மாமா பழைய ப்ளேயர் அனுப்பினார். மின்மாற்றி வைத்தும் பாட்டு இழுவையாக வருகிறது.

மின்மாற்றி 230 வோல்ட்டை 110 ஆக்கும். நம் 50 ஹெர்ட்ஸை அங்குள்ள 60 ஆக்காது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பழைய ஏ.சி. மோட்டார் அந்த ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். ஆகவே உங்கள் தட்டு 33⅓க்குப் பதில் 28 சுற்றுக்கும் குறைவாகவே ஓடுகிறது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். மோட்டார் தண்டிலுள்ள சிறு பித்தளை உருளையின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சரியாகிவிடும். பம்பு செட்டுக்கும் மில்லுக்கும் உதிரி கடையும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை: கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார்கள். அளவில் நூலிழை பிசகினாலும் சுருதி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பழைய உருளையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி (கரூர்): எங்கள் ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

வீட்டுக்குள் இரண்டுமே தாங்கும். தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அடுக்கிப் படுக்கவைத்தால் அடித்தட்டு வளையும். ஓட்டுக்குக் கீழே, மேற்குச் சுவரோரம் வேண்டாம். பேரூர்க் கோயிலுக்குப் போனபோது சித்திரை வெயிலில் காரின் பின்சீட்டில் விட்டுச்சென்ற நான்கு எல்.பி.க்கள், ஒன்றரை மணி நேரத்தில் அப்பளமாகிவிட்டன. அதே காரில் கிடந்த சிடிகள் இன்றும் பாடுகின்றன. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் புழுதிக்குத் தட்டைச் சுற்றி உள்ளுறை அவசியம்.

சிடிக்கு ஆபத்து நீங்கள் நினைக்கும் பக்கத்தில் இல்லை. அடியில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காப்பு இருக்கிறது, இரண்டு மி.மீ. அளவுக்குத் தகவல் அழிந்தாலும் ப்ளேயர் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். படம் அச்சிட்ட மேற்புறத்தில்தான் அலுமினியப் படலத்துக்கு மேல் வெறும் மெல்லிய பூச்சு. அங்கே பேனாவால் அழுத்தி எழுதினால் பாட்டு போயிற்று. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வீட்டில் எழுதிய சிடிகளில் பாட்டு பதிவது நாளடைவில் மங்கக்கூடிய சாயப் படலத்தில். அவற்றை நம்பி மூலத்தைத் தூக்கிப்போடாதீர்கள்.

கேள்வி (தாராபுரம்): 150 பாட்டு அடங்கிய சிடி வைத்திருக்கிறேன். அதுவும் சிடிதானே?

வட்டு அதுதான், பாட்டு அதுவன்று. முழுத் தரத்தில் ஒரு சிடியில் சுமார் 74 நிமிடம், நீட்டினால் 80 நிமிடமே அடங்கும். 150 பாட்டு என்றால் தரத்தைக் குறைத்துச் சுருக்கிய எம்பி3. சேகரிப்பில் அதற்கு இடமில்லை.

கேள்வி (ஆர்.எஸ்.புரம்): ‘முழுக்க அனலாக்’, அதாவது எந்தக் கட்டத்திலும் டிஜிட்டலாக்காதவை, என்று விற்கும் விலையுயர்ந்த புதிய தட்டுகளை நம்பலாமா?

அமெரிக்காவில் அப்படிப் பெயரெடுத்த மொபைல் பிடெலிட்டி நிறுவனத்தின் பல தட்டுகளில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளிப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை காதாலேயே டிஜிட்டலைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லிவந்த சேகரிப்பாளர்கள் பலரும் அந்தத் தட்டுகளில் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நன்றாக இருந்தால் வாங்குங்கள். அட்டையிலுள்ள வார்த்தைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (பெருந்துறை): கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எதில் தொடங்குவது?

உங்களுக்குப் பிடித்த பாடல்கள் தொண்ணூறுக்குப் பிந்தியவை என்றால் சிடியில் தொடங்குங்கள். வீட்டைக் காலி செய்பவர்கள் சிடிகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்து வாங்க இதைவிட நல்ல காலம் வராது. பழைய ப்ளேயர் வாங்கும்போது தட்டம் இரண்டு முறை முழுதாக வெளியே வந்து போகிறதா, நீண்ட நேரம் ஓடும் சிடியின் கடைசிப் பாட்டு திக்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பாடல்கள்தாம் வேண்டும் என்றால், பணத்தில் பெரும்பகுதியை ப்ளேயருக்கும் நல்ல ஊசிக்கும் ஒதுக்குங்கள். பெட்டிபோல் மூடித்தூக்கும் மலிவு ப்ளேயர்கள் மைக் செட்டுக்காரர் செய்த அதே வேலையைத்தான் உங்கள் தட்டுக்கும் செய்யும். நகை எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றும் வாங்கி, ஊசியின் அழுத்தம் கார்ட்ரிட்ஜ்காரர் சொன்ன அளவில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜிலுள்ள காந்தம் இழுத்துத் தப்புக் கணக்குக் காட்டும்; மேலே ஒரு சிறு அட்டைத் துண்டை உயரமாக ஒட்டி, அதன்மீது ஊசியை இறக்குங்கள்.