வெள்ளரிக்காய்க் குதிரை

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடமாக ஜப்பானில், சைதாமாவில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. மார்ச் 3, பெண் குழந்தைகளுக்கான ஹினமட்சுரிப் பண்டிகைக்குப் பள்ளியில் படிப்படியாகப் பொம்மை அடுக்கினார்கள். அசல் நம் கொலு. ஆகஸ்டில் இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் ஓபோன், நம் மகாளய அமாவாசையேதான். எல்லாம் நம்மிடமிருந்து போனவைதானே? இவற்றிலேயே வளர்ந்தால் மகளுக்கு நம் பண்டிகைகள் அந்நியமாகிவிடுமோ என்று மனைவி பயப்படுகிறாள்.

ம.

அன்புள்ள ம.,

நவராத்திரிக்கு வீட்டில் கொலு வையுங்கள். மகள் இரண்டையும் வைத்துக்கொள்வாள், மனைவியிடம் சொல்லுங்கள்.

‘நம்மிடமிருந்து போனவைதானே’ என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக மனதில் உறுத்துகிற விஷயம். ஓபோனுக்குப் பின்னால், பசிப்பேய்களின் உலகில் கிடந்த தாயைப் புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் மீட்ட கதை உண்டு. பௌத்தத்தோடு சீனம் வழியாக அங்கே போனது. சரி, அதனால் ஓபோன் நம்முடையதாகிவிடுமா?

நாகானோவில் நண்பர் வீட்டில் ஒரு ஓபோனுக்குத் தங்கியிருந்தேன். அப்பா இறந்தபின் வரும் முதல் ஓபோன் என்பதால் வெள்ளைக் காகித விளக்கு கட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் 13 காலையில் அவருடைய அம்மா வெள்ளரிக்காயில் நான்கு குச்சி குத்திக் குதிரை செய்தார், கத்தரிக்காயில் மாடு. போனவர் குதிரையேறிச் சீக்கிரம் வரவேண்டும், 16ஆம் தேதி மாட்டின்மேல் மெதுவாகத் திரும்பவேண்டும். குதிரை ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா ஒரு காலைப் பிடுங்கி, நுனியைக் கிள்ளி, மறுபடி குத்தினார். “அவருக்கு முழங்கால் வலி, சாய்ந்தால் ஏறமாட்டார்” என்றார்.

இதில் நாம் அனுப்பியது எது?

பொங்கலையும் ஜனவரி 15 கொஷோகாட்சு என்ற சிறு புத்தாண்டையும், ஜப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்று சொன்ன ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ ஒப்பிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவுகளை ஏற்கவில்லை. ஆனால் அவர் அதற்காகத் தமிழ் படித்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? பதினோரு வருடம் அங்கே வாழ்ந்தும் உங்கள் கடிதத்தில் ஒரு ஜப்பானிய முகம்கூட இல்லை. பொம்மை இருக்கிறது, அடுக்கியவர் இல்லை. ஓபோன் இருக்கிறது, யார் வீட்டில் யாரை நினைத்து என்பது இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் ‘இது எங்கள் பாட்டி கைப்பக்குவம்’ என்று உரிமை கொண்டாடுவதுபோல இருக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது. உங்கள்மேல் பிரியம் இருப்பதால்தான் வருகிறது.

அடுத்த வருடம் மகளுக்கு ஏழு வயது. நவம்பர் 15 ஷிச்சிகோசான், மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளின் பண்டிகை. ஏழு, பெண் குழந்தை பெரியவர்களைப்போல கிமோனோவின் இடைக்கச்சையான ஓபி கட்டும் வயது. உங்கள் இருவருக்கும் கட்டிவிடத் தெரியாது. தெருவில் வயதான அம்மா ஒருவராவது இருப்பார். போய்க் கேளுங்கள். அவரைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.